ஒரே ராத்திரியில் சர்வரை மாற்றச் சொல்கிறார் முதலாளி, என்ன செய்வது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சிக்கோட்டில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் சிஸ்டம் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். கொழிஞ்சாம்பாறைக்காரர். பெயரையும் நிறுவனத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பெயின்ட், பைப், ஹார்டுவேர் சாமான்கள் விற்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கஞ்சிக்கோட்டில் ஒரு குடோன், பொள்ளாச்சியில் ஒரு குடோன். இரண்டு இடத்துப் பில்லும் ஸ்டாக்கும் கஞ்சிக்கோடு ஆபீஸில் இருக்கும் ஒரே சர்வரில்தான் ஓடுகின்றன. ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு 18.04, அதில் டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல் 5.7, சாஃப்ட்வேர் எழுதிய மொழி பிஎச்பி 7.2. பில்லிங் சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார், சோர்ஸ் கோடு மட்டும் கையில் இருக்கிறது. இவ்வளவு பழைய சிஸ்டத்தில் கணக்கு வைத்திருப்பது சரியில்லை என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். உடனே முதலாளி, "ஓணத்துக்கு நாலு நாள் லீவு வருது, அதுல ஒரு ராத்திரியில எல்லாத்தையும் புதுசாக்கிடு" என்கிறார். அவருடைய மைத்துனரோ, "நல்லா ஓடிட்டிருக்கறத எதுக்குத் தொடணும்" என்கிறார். தம்பிக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது: தினமும் ராத்திரி தானாக பேக்கப் எடுக்கிறது, அப்கிரேட் சொதப்பினால் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கடைசியில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார், அதுதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. டேட்டா போனால் நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். "போடலாமா அண்ணா? ஒரு வாரமா தூக்கமே இல்லை" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் வேலையைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் வேலை சரியாகத் திட்டமிடப்பட்டால் அந்தத் தாளுக்கே அவசியம் இருக்காது.

தொடலாமா, வேண்டாமா

மைத்துனர் சொல்வதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைக் காரணமில்லாமல் தொடக்கூடாது என்பது சரிதான். ஆனால் உங்களுக்குக் காரணம் இருக்கிறது. உபுண்டு 18.04-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டன. பிஎச்பி 7.2-க்கு 2020 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, மைஎஸ்கியூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரில். சர்வர் இதனால் நாளைக்கே நின்றுவிடாது. அந்தத் தேதிகளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் உங்கள் மெஷினில் அடைபடாமல் இருக்கின்றன, அவ்வளவுதான். பொள்ளாச்சி கவுன்ட்டர்கள் இன்டர்நெட் வழியாக உள்ளே வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அந்த ஓட்டைகள் வெளி உலகத்தைப் பார்த்தபடி திறந்து கிடக்கின்றன. மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் ஓணத்துக்குள் மாற்ற வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உபுண்டு ப்ரோ என்ற சந்தா இருக்கிறது, அதில் பழைய பதிப்புகளுக்கும் நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சிறிய அளவு உபயோகத்துக்கு 5 மெஷின் வரை இலவசத் திட்டமும் உண்டு, நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் சேருங்கள். 18.04-ஐ அதில் இணைத்தால் அடிப்படை சிஸ்டத்துக்காவது ஒரு பாதுகாப்பு கிடைக்கும். கூடவே பொள்ளாச்சி இணைப்பை விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் போடும் பூட்டிய தனிப் பாதை) வழியாக மட்டும் விட்டுவிட்டு, வெளியிலிருந்து வரும் மற்ற எல்லாக் கதவுகளையும் ஃபயர்வாலில் மூடுங்கள். இந்த இரண்டையும் இந்த வாரமே செய்யலாம். அப்கிரேடை நிதானமாகத் திட்டமிட உங்களுக்கு மூன்று நான்கு மாதம் கிடைத்துவிடும். முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் இதை எழுத்தில் சொல்லுங்கள். "ஒன்றும் செய்யவில்லை" என்பதற்கும் "இடைக்காலப் பாதுகாப்பு போட்டாயிற்று, மாற்றம் இந்தத் தேதியில்" என்பதற்கும் ஆடிட்டர் பார்வையில் பெரிய வித்தியாசம்.

உங்கள் பேக்கப்பை நான் நம்பவில்லை

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த பேக்கப்பை ஒரு தடவையாவது வேறு மெஷினில் ஏற்றிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. ஏற்றிப் பார்க்காத பேக்கப் வெறும் ஃபைல்தான், அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டைப் பார்த்தேன். சாதாரண மைஎஸ்கியூஎல் டம்ப், அதாவது டேட்டாபேஸை ஒரு ஃபைலாக இறக்கிய நகல். அதில் ட்ரிகர்கள் (டேட்டா மாறும்போது ஓடும் கட்டளைகள்) தானாக வந்துவிடும். ஆனால் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த நிரல்களான ஸ்டோர்டு ப்ரொசீஜர்களும், நேரம் வைத்து ஓடும் ஈவென்ட்களும் தனியாகக் கேட்டால்தான் வரும், உங்கள் ஸ்கிரிப்டில் கேட்கவில்லை. உங்கள் சாஃப்ட்வேரில் தினசரி ஸ்டாக் மதிப்பு ஒரு ப்ரொசீஜர் வழியாகத்தான் கணக்காகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்றைக்கு சர்வர் எரிந்துபோனால் உங்கள் கையில் டேட்டா இருக்கும், கணக்குப் போடும் மூளை இருக்காது. அடுத்தது, டேபிள்களில் சில மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகை. டம்ப் ஓடும் நேரத்தில் யாராவது பில் போட்டால், இன்னோடிபி என்ற இன்னொரு வகை டேபிள்களை ஒரே நொடியின் நிலையில் எடுக்க வழி இருக்கிறது, மைஐசாமுக்கு அந்த வசதி கிடையாது. ராத்திரி 11 மணிக்கு யாரும் பில் போடுவதில்லை என்பதால் இதுவரை தப்பித்திருக்கலாம். அப்புறம், பேக்கப் போகும் டிஸ்க் அதே சர்வரில் செருகியபடி இருக்கிறது. இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். பாலக்காட்டுப் பக்கம் துலாவர்ஷ (ஐப்பசி மழைக்கால) இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை அப்கிரேட் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரில் இந்த பேக்கப்பை முழுசாக ஏற்றி, சாஃப்ட்வேரைத் திறந்து, நேற்றைய பில் ஒன்றைக் கண்டுபிடித்து, பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அது நடந்த பிறகுதான் மற்றப் பேச்சு.

திரும்பி வரும் வழி எப்போது மூடும்

உங்கள் கடிதத்தில் நான் திருத்த நினைக்கும் முக்கியமான எண்ணம் இதுதான். "சொதப்பினால் பேக்கப்பைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்" என்கிறீர்கள். எதுவரைக்கும் போட முடியும் என்று யோசித்தீர்களா?

ராத்திரி 12 மணிக்குப் புது சர்வர் தயார், காலையில் 9 மணிக்குக் கடை திறந்தாயிற்று என்று வையுங்கள். மத்தியானத்துக்குள் அறுபது பில் போட்டுவிட்டார்கள். 2 மணிக்கு ஒரு பெரிய தப்பு தெரிகிறது. இப்போது நேற்று ராத்திரி பேக்கப்பைத் திருப்பிப் போட்டால் அந்த அறுபது பில் காணாமல் போகும். ஆனால் சரக்கு ஏற்கெனவே லாரியில் ஏறிவிட்டது, வாடிக்கையாளர் கையில் பில் இருக்கிறது, பணம் வந்திருக்கிறது. அதைவிடச் சிக்கல், பழைய சிஸ்டம் அதே பில் எண்களை மறுபடி வேறு ஆட்களுக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் ஒரே பில் எண் இரண்டு தடவை வரக்கூடாது. உங்கள் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் இ-இன்வாய்ஸும் (பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது) கட்டாயம். அதில் பதிவான எண்ணை அரசு போர்ட்டல் இரண்டாம் தடவை ஏற்காது, ரத்து செய்வதென்றாலும் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், ரத்து செய்த எண்ணையும் திரும்பப் பயன்படுத்த முடியாது. உங்கள் சர்வரை நீங்கள் பின்னோக்கி நகர்த்தலாம், போர்ட்டலில் போய்ச் சேர்ந்ததை நகர்த்த முடியாது.

புது சிஸ்டத்தில் முதல் பில் போட்ட நிமிஷத்திலிருந்து திரும்பும் வழி குறுகிக்கொண்டே வருகிறது என்று புரிந்துகொண்டால் போதும், மற்ற எல்லாத் திட்டமும் தானாக ஒழுங்குக்கு வரும். சோதனைகள் முதல் பில்லுக்கு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் அல்ல. முதல் பில்லுக்குப் பிறகும் திரும்ப வேண்டி வந்தால் அந்தப் பில்களை எப்படிப் பழைய சிஸ்டத்தில் ஏற்றுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஜிஎஸ்டி விதி ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகளை அனுமதிக்கிறது, மொத்தம் 16 எழுத்துக்குள் இருந்தால் போதும். புது சர்வரில் முதல் நாளிலிருந்து வேறு முன்னெழுத்துள்ள புது வரிசையில் பில் போடுங்கள், கேரள ஜிஎஸ்டி பதிவுக்கு ஒன்று, தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவுக்கு ஒன்று. திரும்ப வேண்டி வந்தால் பழைய சிஸ்டம் பழைய வரிசையில் தொடரும், எண்கள் மோதாது. புது வரிசையில் போட்ட பில்களை மட்டும் எடுத்துப் பழையதில் ஏற்றினால் போதும். ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவர் தடை சொல்ல மாட்டார்.

அதே மெஷினிலா, புது மெஷினிலா

முதலாளி மனதில் இருப்பது, இருக்கிற சர்வரிலேயே ஏறிப் போவது. உபுண்டுவில் அதற்கான கட்டளை இருக்கிறது, ஆனால் ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பிலிருந்து அடுத்ததற்குத்தான் போகும். 18.04-லிருந்து 20.04, பிறகு 22.04, பிறகு 24.04. மூன்று தாவல். முதல் தாவலிலேயே மைஎஸ்கியூஎல் 8.0 ஆகிவிடும், 8.0-லிருந்து 5.7-க்கு இறங்க வழியே கிடையாது, பழைய பேக்கப்பை ஏற்றுவது மட்டும்தான் வழி. பிஎச்பி 7.4, 8.1, 8.3 என்று மாறிக்கொண்டே போகும். நடுவில் கரன்ட் போனாலோ டிஸ்க் இடம் போதாமல் நின்றாலோ பழையதும் இல்லை புதியதும் இல்லை என்ற நிலையில் விடியும். தனி ஆளாக ஒரு ராத்திரியில் இதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

என் யோசனை, புது மெஷின் ஒன்றில் 24.04-ஐச் சுத்தமாகப் போட்டு, டேட்டாவை டம்ப் வழியாகக் கொண்டுவருவது. பழைய சர்வர் தொடாமல் அப்படியே நிற்கும். இதன் மதிப்பு, ஒத்திகையை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம், கடையில் யாருக்கும் தெரியக்கூட வேண்டாம். செலவு ஒரு மெஷின், இரண்டு டிஸ்க், ஒரு நல்ல யூபிஎஸ். மைஎஸ்கியூஎல் 8.0-க்கு வெளியீட்டாளர் ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான் என்பதால் அதிலேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். எல்லாம் நிலைத்தபின் 8.4-க்குப் போங்கள், ஆனால் அது தனி நாள், தனி ஒத்திகை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரெடிமேட் சாஃப்ட்வேர் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கெட்ட யோசனை இல்லை, எழுதியவர் ஊரில் இல்லாத சாஃப்ட்வேரை எத்தனை நாள் சுமப்பது. ஆனால் அதை ஏப்ரல் 1 நிதியாண்டுத் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இப்போதைய டேட்டா ஒழுங்காக வெளியே வர வேண்டும், ஆகவே கீழே சொல்லும் வேலை வீணாகாது.

ஒத்திகையில் எதைப் பார்ப்பது

சாஃப்ட்வேர் திறக்கிறது, லாகின் ஆகிறது என்று பார்த்துவிட்டுத் திருப்திப்படக்கூடாது. எர்ரர் காட்டி நிற்கும் கோளாறுகள் நல்லவை, கண்ணில் படும், சரி செய்துவிடலாம். சத்தமில்லாமல் தப்புக் கணக்குக் காட்டுபவைதான் ஆபத்து. உங்கள் அமைப்பில் நான் பயப்படுவது இவைதான்.

தமிழ், மலையாளப் பெயர்கள். உங்களுடைய பார்ட்டிப் பட்டியலில் இரண்டு மொழியிலும் பெயர்கள் இருக்கின்றன. 5.7-ல் ஒன்றும் சொல்லாவிட்டால் எழுத்துமுறை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது) என்று அமையும், 8.0-ல் யூடிஎஃப்8எம்பி4 (எல்லா மொழிக்கும் பொதுவானது). பழைய பிஎச்பி சாஃப்ட்வேர் பலவற்றில் தமிழ் எழுத்துகள் லத்தீன்1 என்ற பெயருக்குள் திணிக்கப்பட்டுத்தான் இத்தனை வருஷமும் ஓடியிருக்கும். போகும்போதும் தப்பு, வரும்போதும் அதே தப்பு, அதனால் திரையில் சரியாகத் தெரிந்தது. புது சர்வரில் ஒரு பக்கத்துத் தப்பு நின்றுவிடும், பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக மாறும். இப்போதே பழைய சர்வரில் ஒரு சோதனை செய்யுங்கள்: "அ" என்ற ஒரே எழுத்தைச் சாஃப்ட்வேர் வழியாக ஒரு பெயராகச் சேமித்து, அதன் எழுத்து எண்ணிக்கையை டேட்டாபேஸிடம் கேளுங்கள். 1 என்று வந்தால் நிம்மதி. 3 என்று வந்தால் நான் சொன்ன நிலைதான். அப்படியானால் டம்ப் எடுக்கும்போதே லத்தீன்1 என்று சொல்லி எடுத்து, ஃபைலுக்குள் இருக்கும் லத்தீன்1 குறிப்புகளை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி ஏற்ற வேண்டும். நகலில் மட்டும் செய்து பாருங்கள், ஒரே டேபிளில் இரண்டு விதமும் கலந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. இன்னொன்று, 50 எழுத்து என்று ஒதுக்கிய இடத்தில் அந்த நிலையில் தமிழ் 16 எழுத்துக்குறிதான் கொள்ளும், ஆகவே நீளமான பெயர்கள் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கலாம். அது அப்கிரேடால் வந்ததென்று பிறகு உங்கள் தலையில் விழக்கூடாது, இப்போதே பட்டியல் எடுத்து வையுங்கள்.

காலிப் பெட்டியும் பூஜ்யமும். பிஎச்பி 7-ல் காலிச் சொல்லை 0-உடன் ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று சொல்லும். பிஎச்பி 8-ல் சமமில்லை. தள்ளுபடிப் பெட்டியைக் கவுன்ட்டரில் காலியாக விட்டால், "தள்ளுபடி 0 என்றால் முழு விலை" என்று எழுதிய வரி இனி வேலை செய்யாமல் அடுத்த கிளைக்குப் போய்விடும். எர்ரர் வராது. பில் தொகை மட்டும் மாறும். கோடில் இப்படிப்பட்ட ஒப்பீடுகளைத் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள், இதற்கு இரண்டு மூன்று நாள் உட்கார வேண்டியிருக்கும், உட்காருங்கள்.

ரிப்போர்ட் வரிசை. 5.7-ல் குரூப் செய்தால் முடிவு தானாக வரிசைப்பட்டு வரும். 8.0-ல் அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டார்கள். வரிசை கேட்டு எழுதாத ரிப்போர்ட்கள் கலைந்து வரும். வயது வாரியாக நிலுவை காட்டும் பட்டியலில் முதல் வரியைப் பழையது என்று எடுத்துக்கொள்ளும் கோடு இருந்தால் தப்பு ஆளுக்கு நிலுவைக் கடிதம் போகும்.

ரேங்க், குரூப்ஸ் போன்ற சொற்கள் 8.0-ல் ஒதுக்கப்பட்டவை. உங்கள் டேபிளில் அந்தப் பெயரில் நெடுவரிசை இருந்தால் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளை) உடையும். இது கண்ணில் படும் வகை, மைஎஸ்கியூஎல் ஷெல்லில் இருக்கும் அப்கிரேட் சோதனைக் கருவியைப் பழைய சர்வர்மேல் ஓட்டினால் பெரும்பாலானவற்றை முன்னாடியே சொல்லிவிடும். ஓட்டுங்கள்.

அப்புறம் சாஃப்ட்வேருக்கு வெளியே இருப்பவை. கிரான் வேலைகள் (நேரம் வைத்துத் தானாக ஓடுபவை), பிரிண்டர் அமைப்பு, எஸ்எம்எஸ் அனுப்பும் ஸ்கிரிப்ட், பிடிஎஃப் பில்லுக்கான தமிழ் மலையாள எழுத்துருக்கள் (புது மெஷினில் எழுத்துரு இல்லாவிட்டால் பெயருக்குப் பதில் கட்டங்கள் அச்சாகும்). கணக்கர் எக்செலிலிருந்து நேரே டேட்டாபேஸில் இணைப்பதாக எழுதியிருந்தீர்கள். 8.0-ன் புது லாகின் முறை பழைய இணைப்பான்களுக்குத் தெரியாது, அவர் கம்ப்யூட்டரில் அதையும் புதுப்பிக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தபின், கணக்கரை உட்கார வையுங்கள். பழையது ஒரு திரை, புதியது ஒரு திரை. ட்ரையல் பேலன்ஸ், இரண்டு குடோன் இறுதி ஸ்டாக், போன மாத ஜிஎஸ்டி சுருக்கம், நிலுவை அதிகமுள்ள இருபது பார்ட்டிகள். பைசா வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் "சின்ன வித்தியாசம்தான்" என்று விடாதீர்கள், காரணம் தெரியும்வரை தேதி குறிக்க வேண்டாம். கம்பெனி என்பதால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு சாஃப்ட்வேரில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவு கட்டாயம். டேட்டா ஏற்றும்போது வேகத்துக்காக அந்தப் பதிவை நிறுத்திவிட்டு மறந்துவிடாதீர்கள்.

ஓணம் வேண்டாம்

லீவு நாள்தான் பாதுகாப்பான நாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எல்லையில் இருப்பவர்களுக்கு இது இரண்டு வகையில் தப்பு. ஓணத்துக்குக் கஞ்சிக்கோடு மூடியிருக்கும், பொள்ளாச்சி குடோன் திறந்திருக்கும், ஆகவே சர்வருக்கு லீவே கிடையாது. இரண்டாவது, ஏதாவது ஒன்று போனால் டிஸ்க் வாங்கக் கடை இருக்காது, இன்டர்நெட் ஆள் போனை எடுக்க மாட்டார், ஆடிட்டர் ஊரில் இருக்க மாட்டார். வாரத்தின் நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ சாயங்காலம் நல்லது, மறுநாள் காலையில் எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். மாதத்தில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ரிட்டர்ன் தேதிகள், அதனால் 21-க்கு மேல், மாதக் கடைசிக்கு முன். ஐப்பசி இடி மின்னல் ஓய்ந்த பிறகு டிசம்பர் அல்லது ஜனவரியில் வையுங்கள். மார்ச்சில் வேண்டவே வேண்டாம்.

அந்த ராத்திரி

ஒத்திகை ஒழுங்காக நடந்திருந்தால் இந்த ராத்திரியில் புதிதாக ஒன்றும் இருக்காது. கடை மூடியதும் பழைய டேட்டாபேஸை சூப்பர் ரீட்-ஒன்லி நிலையில் (படிக்கலாம், யாரும் எழுத முடியாது) வையுங்கள். வெறும் ரீட்-ஒன்லி போதாது, முழு அதிகாரம் உள்ள லாகினை அது தடுக்காது. பிறகு கடைசி டம்ப், அதன் ஒரு நகல் கட்டடத்துக்கு வெளியே போகட்டும். ஏற்றியபின் கணக்கர் அதே ஒப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும். ஒத்திகையில் எவ்வளவு நேரம் ஆனதோ அதைப்போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். "ராத்திரி 2 மணிக்குள் கணக்கர் சரி சொல்லாவிட்டால் பழைய சர்வரைத் திறந்துவிட்டுத் தூங்கப் போகிறோம்" என்று பகலிலேயே, தெளிந்த தலையோடு, முதலாளி முன்னால் முடிவு செய்யுங்கள். ராத்திரி 2 மணிக்கு எடுக்கும் முடிவு எப்போதும் "இன்னும் ஒரு அரை மணி நேரம்" என்றுதான் இருக்கும். தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இன்னொருவர் செய்தவற்றை நேரம் போட்டு எழுதிக்கொண்டிருக்கட்டும்.

காலையில் சர்வர் வரவில்லை என்றாலும் லாரி நிற்க வேண்டியதில்லை. சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லை அரசு போர்ட்டலிலேயே கையால் போடலாம். கஞ்சிக்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் சொந்த குடோனுக்கு அனுப்பினாலும் இரண்டு மாநிலப் பதிவு என்பதால், சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வேண்டும். பில் இல்லாமல் வாளையாரிலோ வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ சோதனையில் மாட்டினால், வண்டியை விடுவிக்க வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம் கட்ட வேண்டி வரும். போர்ட்டல் லாகினுக்கு ஓடிபி கட்டாயம், அந்த ஓடிபி வரும் போன் யாரிடம் இருக்கிறது என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பல கம்பெனிகளில் அது முதலாளி வீட்டில் சார்ஜில் கிடக்கும்.

பழைய சர்வரை உடனே அழிக்காதீர்கள். நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, குறைந்தது அடுத்த ஆடிட் முடியும்வரை அப்படியே வைத்திருங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி சர்வர் லாக்குகள் (சர்வரில் நடந்தவற்றின் பதிவுகள்) 180 நாள் இருக்க வேண்டும், அதுவும் அந்த டிஸ்கில்தான் இருக்கிறது.

கையெழுத்து விஷயம்

நான் வக்கீல் இல்லை, அதனால் இதில் எனக்குத் தெரிந்த அளவு மட்டும் சொல்கிறேன். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பது முதலாளியின் இஷ்டத்துக்கு விடப்பட்ட காரியம் இல்லை. நஷ்டம் ஊழியரின் கவனக்குறைவால்தான் வந்தது என்று காட்ட வேண்டும், விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், பிடிக்கும் தொகைக்கும் வரம்பு உண்டு. நீங்கள் முன்கூட்டியே சம்மதம் எழுதிக் கொடுத்தால் அந்தக் கேள்விகளையெல்லாம் நீங்களே அடைத்துவிட்டதாக அவர்கள் வாதிட இடம் கொடுக்கிறீர்கள். வற்புறுத்தினால், தாளின் நகலோடு பாலக்காட்டில் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்திலோ ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

ஆனால் முதலாளியின் பயத்தையும் பாருங்கள். அவருடைய வியாபாரம் முழுவதும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அந்தத் தாள் அந்தப் பயத்தின் வடிவம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை மறுத்துவிட்டு வெறும் கையோடு நிற்காதீர்கள். பதிலுக்கு இரண்டு பக்கத்தில் நீங்கள் ஒரு தாள் கொடுங்கள். இப்போதைய நிலை என்ன, அதே மெஷினில் செய்தால் என்ன ஆபத்து, புது மெஷினில் செய்தால் என்ன செலவு, எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பும் முடிவை யார் எடுப்பார். கீழே முதலாளி கையெழுத்துப் போட இடம் விடுங்கள். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக ஆகாது. எந்த ஆபத்தை எவ்வளவு பணம் கொடுத்துக் குறைப்பது என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு, அதை எடுக்கத் தேவையான விவரத்தை அவருக்குப் புரிகிற மாதிரி தருவதுதான் உங்கள் பொறுப்பு.

நாளைக்குக் காலையில் அவரிடம் அப்கிரேட் பற்றிப் பேச வேண்டாம். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு புது டிஸ்க், கணக்கரின் ஒரு சாயங்காலம் என்று மூன்றை மட்டும் கேளுங்கள். பேக்கப்பை ஏற்றிப் பாருங்கள், "அ" சோதனையில் 1 வந்ததா 3 வந்ததா என்று எனக்கு எழுதுங்கள். 3 வந்திருந்தால் டம்ப் எடுக்கும் கட்டளையை வரிவரியாக எழுதி அனுப்புகிறேன்.